நம்பரை மாற்றினால் "நெட்" பறக்குமா?

"உங்கள் செல்போனில் ஒரு நம்பரை மாற்றுங்கள். இன்டர்நெட் பறக்கும்!"

இப்படி ஒரு யோசனை ஊர் ஊராகச் சுற்றுகிறது. வீடியோவில் சொல்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொள்கிறார்கள். "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று ஆப்களும் வந்து விட்டன.

அந்த நம்பர்களை நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். 8.8.8.8 என்பது ஒன்று. 1.1.1.1 என்பது இன்னொன்று. 9.9.9.9 என்பது மற்றொன்று.

இது உண்மையா, புரட்டா?

உண்மையும் இருக்கிறது. புரட்டும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி டவுனில் குடியிருப்பவருக்கு ஒரு பதில். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் இருப்பவருக்கு வேறு பதில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் செல்போனைக் கையில் எடுத்தால் இரண்டும் இரண்டு உலகம்.

பெயரும் நம்பரும்

முதலில் இந்த நம்பர் என்னவென்று தெரிந்து கொள்வோம்.

இன்டர்நெட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பாங்கிக்கு ஒரு பெயர். ரெயில் டிக்கெட்டுக்கு ஒரு பெயர். பரீட்சை முடிவுக்கு ஒரு பெயர். மனிதருக்குப் பெயர்தான் ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டருக்கோ நம்பர்தான் வேண்டும்.

ஆகவே நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் உங்கள் செல்போன் ஒரு கேள்வி கேட்கிறது. "இந்தப் பெயருக்கு என்ன நம்பர்?" எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. பதில் கிடைத்த பிறகுதான் செல்போன் அந்த இடத்துக்குப் புறப்படுகிறது.

புது ஊருக்குப் போகிறவர் பஸ்சை விட்டு இறங்கியதும் டீக்கடையில் விலாசம் கேட்பார் அல்லவா? அது போலத்தான். இப்படி விலாசம் சொல்லும் ஏற்பாட்டுக்கு "டி.என்.எஸ்." என்று பெயர்.

ஒரு காலத்தில் இதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகின. பட்டியல் நீண்டது. சமாளிக்க முடியவில்லை.

1983-ம் ஆண்டில் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் ஒரு வழி கண்டார். ஒரே பட்டியல் வேண்டாம். வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்போம் என்றார். இன்று உலகம் முழுவதும் நடப்பது அந்த ஏற்பாடுதான்.

யார் அந்த விலாசக்காரர்?

நீங்கள் எந்தக் கம்பெனியின் சிம் கார்டு வைத்திருக்கிறீர்களோ, அந்தக் கம்பெனியே விலாசம் சொல்லவும் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருக்கிறது. நீங்கள் எதையும் தொடாவிட்டால் அதுதான் உங்களுக்குப் பதில் சொல்லும்.

"எங்களிடம் கேளுங்கள். நாங்கள் இலவசமாகச் சொல்கிறோம்" என்று வேறு சிலரும் வந்தார்கள். 2009-ல் கூகிள் கம்பெனி 8.8.8.8 என்ற நம்பருடன் வந்தது. 2017-ல் குவாட்-9 என்ற லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் 9.9.9.9 உடன் வந்தது. 2018 ஏப்ரல் 1-ந் தேதி கிளவுட்பிளேர் கம்பெனி 1.1.1.1 உடன் வந்தது. ஏப்ரல் 1 என்றதும் பலர் விளையாட்டு என்றே நினைத்தார்கள். விளையாட்டு அல்ல.

இவர்கள் உலகின் பல நகரங்களில் கம்ப்யூட்டர்களை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நம்பர் ஒன்றுதான். கேட்பவருக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அது பதில் சொல்லும். கிளவுட்பிளேருக்குச் சென்னையிலேயே ஓர் இடம் இருக்கிறது.

எவ்வளவு மிச்சம்?

இனி வேகத்தைப் பார்ப்போம். கணக்கு எளிதுதான்.

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி ஒரு நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கள்ளக்குறிச்சியில் இருந்து சென்னை சுமார் 250 கிலோமீட்டர். போய் வர 500 கிலோமீட்டர். ஒளிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரு நொடியை ஆயிரம் பங்கு வைத்தால் அதில் இரண்டரைப் பங்கு போதும்.

பம்பாய்க்குப் போய் வர 10 பங்குக்கு மேல் ஆகும். அமெரிக்காவுக்குப் போய் வர 130 பங்குக்கு மேல் ஆகும்.

ஆக, விலாசக்காரர் தூரத்தில் இருந்தால் தாமதம். கிட்டத்தில் இருந்தால் லாபம். ஒரு பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தால், அதில் உள்ள படங்கள், விளம்பரங்கள் எல்லாவற்றுக்குமாகப் பத்து இருபது பெயர்களைச் செல்போன் விசாரிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால், பக்கம் சற்று முந்தித் திறக்கும். கண்ணுக்கே தெரியும்.

இதுதான் உண்மைப் பகுதி. உங்கள் கம்பெனியின் விலாசக்காரர் மந்தமானவராக இருந்தால் அவரை மாற்றுவது புத்திசாலித்தனம். செலவு ஒரு காசு இல்லை.

ஆனால் "பறக்கும்" என்பது?

அது புரட்டு!

சாலை அகலம் ஆகாது

விலாசம் கேட்பது ஒரு தடவைதான். அதன் பிறகு சரக்கு வர வேண்டும். சரக்கு வரும் சாலைக்கும் விலாசம் சொன்னவருக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு ஜி.பி. அளவுள்ள ஒரு படத்தை இறக்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். உங்கள் லைன் நொடிக்கு 2 மெகாபிட் வேகம் தருகிறது. படம் முழுவதும் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விலாசக்காரரை மாற்றினால் இதில் எவ்வளவு மிச்சம்? ஒரு நொடியில் பத்தில் ஒரு பாகம் மிச்சமானால் பெரிது!

கச்சிராயபாளையத்தில் இருந்து மலைக்கு ஏறும் லாரியை நினைத்துப் பாருங்கள். புறப்படும்போது வழி சொல்பவர் சுறுசுறுப்பாகச் சொல்லலாம். அதற்காக மலைப்பாதையின் வளைவுகள் நிமிர்ந்து விடுமா?

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை.

பெரிய வீடியோ கம்பெனிகள் ஒரே படத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்திருக்கின்றன. எந்த ஊர் நகலை உங்களுக்குத் தருவது என்று பல நேரம் விலாசம் கேட்ட இடத்தை வைத்தே முடிவு செய்கின்றன. உங்கள் கம்பெனியின் விலாசக்காரருக்குப் பக்கத்தில் உள்ள நகல் கிடைக்கலாம். தூரத்து விலாசக்காரரிடம் கேட்டால் தூரத்து நகல் வந்து சேரலாம். பதில் சீக்கிரம் வரும். படம் தட்டுத் தடுமாறும்!

அதனால்தான் ஒருவருக்கு நன்றாக வேலை செய்தது இன்னொருவருக்குச் செய்யாமல் போகிறது. பக்கத்து வீட்டார் சொன்னார் என்பதற்காக முடிவு கட்டாதீர்கள். மாற்றிப் பாருங்கள். காலையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள், வழக்கமாகப் பார்க்கும் பக்கங்களைத் திறந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வைத்துக் கொள்ளுங்கள். தெரியாவிட்டால் பழையபடி விட்டு விடுங்கள்.

மலையில் என்ன நடக்கிறது?

இப்போது மலைக்கு வருவோம்.

2019 நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையின் பெரும் பகுதி இந்த மாவட்டத்தில் இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்து மக்கள் என்று எண்ண வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். சாமையும் தினையும் மரவள்ளியும் அவர்கள் பாடுபட்டு விளைவிப்பவை.

அந்த மலைக்குள் பல சிற்றூர்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. மேட்டில் நின்றால் ஒரு கோடு. பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இல்லை. காரணம் எளிது. செல்போன் கோபுரத்தின் அலைக்கு மலை ஒரு மதில். ஒரு கோபுரம் போதாது. வளைவுக்கு ஒன்று வேண்டும்.

இந்த நிலையில் விலாசக்காரர் சென்னையில் இருந்தால் என்ன, அமெரிக்காவில் இருந்தால் என்ன? செல்போன் கேட்ட கேள்வி பாதி வழியில் தொலைந்து போகிறது. பதில் வருமா என்று செல்போன் காத்திருக்கிறது. வரவில்லை என்று தெரிந்து மறுபடியும் கேட்பதற்குச் சில நொடிகள் ஓடி விடும். ஆயிரத்தில் பத்துப் பங்கை மிச்சம் பிடிக்கப் போனவர், ஐந்து நொடியைப் பறி கொடுத்து நிற்கிறார்!

மலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஜாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவது இன்டர்நெட்டில். கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பம் இன்டர்நெட்டில். கல்லூரிச் சேர்க்கை இன்டர்நெட்டில். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. தேதி கடந்தால் கதவு சாத்தப்படும்.

ஒரு மலை வீட்டுப் பெண் கல்லூரிக்கு மனுப் போட வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். பக்கம் திறக்கவில்லை. அவளிடம் போய், "அம்மா, நம்பரை மாற்றிப் பாரேன்" என்று சொன்னால் அது உதவியா, கேலியா? கோபுரம் இல்லாத குறையை அந்தப் பெண்ணின் செல்போன் மீது சுமத்தலாமா?

வேகம் பெரிதா, நாணயம் பெரிதா?

வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. விலாசம் சொல்பவர் யோக்கியமானவரா?

இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கேளுங்கள்.

ஐரோப்பாவில் எஸ்டோனியா என்று ஒரு சிறிய நாடு. அங்கே இருந்த ஒரு கும்பல், கம்ப்யூட்டர்களுக்குள் ஒரு திருட்டு வேலையைப் புகுத்தியது. அது பணத்தைத் தொடவில்லை. பைல்களைத் தொடவில்லை. விலாசம் சொல்லும் நம்பரை மட்டும் மாற்றியது. அவ்வளவுதான்!

அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கும்பலிடமே வழி கேட்டன. கும்பல் காட்டிய இடத்துக்கே போயின. ஒரு கடையின் பெயரைத் தட்டினால் வேறு கடை வந்தது. ஒரு விளம்பரத்தின் இடத்தில் வேறு விளம்பரம் வந்தது. 100-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படிச் சிக்கின. கும்பலுக்குக் கிடைத்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்.

2011 நவம்பரில் கும்பலைச் சேர்ந்த ஆறு பேர் பிடிபட்டார்கள். ஆனால் ஒரு சங்கடம். கும்பலின் விலாசக் கம்ப்யூட்டர்களை உடனே நிறுத்தினால், ஏமாந்தவர்களுக்கு இன்டர்நெட்டே நின்று போகும். அதனால் அவற்றின் இடத்தில் நல்ல கம்ப்யூட்டர்களை வைத்து, 2012 ஜூலை 9-ந் தேதி வரை நடத்த வேண்டியதாயிற்று!

இப்போது யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத ஓர் ஆப் "வேகம் கூட்டுகிறேன்" என்கிறது. நீங்கள் சரி என்று அழுத்துகிறீர்கள். உங்கள் விலாசக்காரரை மாற்றும் உரிமையை அதன் கையில் கொடுத்து விட்டீர்கள். நாளை பாங்கியின் பெயரைத் தட்டினால் அது எங்கே கொண்டு போய் விடும்?

அது மட்டும் அல்ல. நீங்கள் எந்தெந்தப் பக்கத்தைத் தேடுகிறீர்கள் என்பது விலாசக்காரருக்குத் தெரியும். எந்த நோயைப் பற்றி விசாரிக்கும் பக்கம், எந்த பாங்கி, எந்தக் கடன் கம்பெனி என்று எல்லாப் பெயரும் அவர் காதில் விழும். பெரிய கம்பெனிகள், இந்தக் குறிப்புகளை நெடுநாள் வைத்திருப்பதில்லை என்று எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கின்றன. பெயர் தெரியாத ஆப் அப்படி என்ன வாக்குக் கொடுத்தது?

ஆகவே விலாசக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி, "நாணயமானவரா?" இரண்டாவது கேள்விதான், "வேகமானவரா?"

ஒருவரையே நம்பலாமா?

2021 அக்டோபர் 4-ந் தேதி இரவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப் நின்றது. பேஸ்புக் நின்றது. இன்ஸ்டாகிராம் நின்றது. சுமார் ஆறு மணி நேரம் உலகமே திண்டாடியது.

அன்று பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறால் அந்தக் கம்பெனியின் உள் இணைப்புகள் அறுந்தன. உடனே அதன் பெயர்களுக்கு விலாசம் சொல்லும் கம்ப்யூட்டர்களும் உலகத்தின் கண்ணில் இருந்து மறைந்தன. யாரிடம் கேட்டும் விலாசம் கிடைக்கவில்லை.

2025 ஜூலை 15-ந் தேதி அதிகாலையில் 1.1.1.1 கூட ஒரு மணி நேரம் படுத்து விட்டது. அதை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு எந்தப் பக்கமும் திறக்கவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது. வழி சொல்ல ஆள் இல்லை!

ஆகவே வீட்டு வைபை பெட்டியில் நம்பர் மாற்றுகிறவர்கள் இரண்டு நம்பர் போட்டு வைப்பது நல்லது. முதலாவது ஒரு ஸ்தாபனத்துடையது. இரண்டாவது வேறு ஸ்தாபனத்துடையது. ஒருவர் படுத்தால் மற்றவர் பதில் சொல்வார்.

எப்படி மாற்றுவது?

2018-க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு செல்போன்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கிறது. ஆப் எதுவும் வேண்டாம். "செட்டிங்ஸ்" பகுதியைத் திறந்து, மேலே தேடும் இடத்தில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று தேடுங்கள். அங்கே மூன்று வழி இருக்கும். "ஆப்" என்பது ஒன்று. "ஆட்டோமேட்டிக்" என்பது இரண்டாவது. ஸ்தாபனத்தின் பெயரை நாமே எழுதுவது மூன்றாவது.

மூன்றாவது வழியில் 8.8.8.8 என்று நம்பரைப் போட்டால் செல்போன் ஏற்காது. பெயரைத்தான் எழுத வேண்டும். கூகிளுக்கு, ஆங்கில எழுத்தில் "டி.என்.எஸ்." புள்ளி "கூகிள்". குவாட்-9-க்கு, "டி.என்.எஸ்." புள்ளி "குவாட்9" புள்ளி "நெட்". டி.என்.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு நடுவே புள்ளி வைக்கக் கூடாது.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது வழியைப் போட்டால், அந்த ஸ்தாபனத்துடன் இணைப்பு கிடைக்காதபோது எதுவுமே திறக்காது. சிக்னல் தடுமாறும் இடத்தில் இது தொல்லை. அங்கே "ஆட்டோமேட்டிக்" என்று விட்டு விடுவதே நல்லது.

குழந்தைகள் கையில் செல்போன் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. வேகத்தைவிட உபயோகமான வசதி இதில் உண்டு. 9.9.9.9 என்பது மோசடிப் பக்கங்கள் என்று தெரிந்தவற்றுக்கு விலாசம் சொல்ல மறுத்து விடும். கிளவுட்பிளேரின் 1.1.1.3 என்ற நம்பர் மோசடிப் பக்கங்களோடு ஆபாசப் பக்கங்களையும் தடுக்கும். இது முழுப் பூட்டு அல்ல. ஆனாலும் வாசலில் ஒரு காவல்.

மோசடியில் பணம் போய் விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள்.

யார் மாற வேண்டும்?

கள்ளக்குறிச்சி டவுனில் மரச் சிற்பம் செதுக்குகிறவர் வெளிநாட்டு ஆர்டருக்குப் படம் அனுப்புகிறார். அவருடைய லைன் நன்றாக இருக்கிறது. அவர் தாராளமாக விலாசக்காரரை மாற்றிப் பார்க்கலாம். கொஞ்சம் லாபம். நஷ்டம் இல்லை.

மலையில் இருப்பவருக்கு அந்த லாபம் இல்லை. அவருக்கு வேண்டியது கோபுரம். கோபுரத்துக்கு இழைக் கம்பி. கரண்டு நின்றாலும் நிற்காத பாட்டரி.

இது நடக்காத காரியம் அல்ல. 2022 ஜூலையில் மத்திய அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டில் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டு செல்வது என்று முடிவு. செலவு 26,316 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழைக் கம்பி கொண்டு போகும் திட்டமும் இருக்கிறது.

2024-ல் சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை எங்கே, வசதி எங்கே என்ற கேள்வி அங்கே எழுந்தது. இந்தக் காலத்தில் சிக்னலும் ஒரு சாலைதான். மண் சாலை வழியாக ரேஷன் அரிசி வருகிறது. சிக்னல் சாலை வழியாகச் சான்றிதழ் வருகிறது.

ஆகவே மலைக் கிராமத்தார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிராம சபை கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள். "எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? கோபுரம் எப்போது வரும்?" கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் உள்ள கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

செல்போனில் உள்ள நம்பரை நாம் மாற்றிக் கொள்ளலாம். அதற்கு இரண்டு நிமிஷம் போதும். மலையில் கோபுரம் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. அதற்கு எத்தனை ஆண்டு வேண்டும்?